டிக்கெட் நேரமும் வாசற்படி நேரமும்

"மதுரையிலிருந்து சென்னைக்கு பிளேனில் போனால் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "ஒரு மணி நேரம்" என்று பதில் வரும். துபாய்க்கு? "நாலு மணி நேரம்." சிங்கப்பூருக்கு? "அதுவும் நாலு மணிதான்." பதில் என்னவோ சரிதான். ஆனால் அந்தப் பதிலை மட்டும் நம்பிக் கைக்குழந்தையோடும், சர்க்கரை வியாதிக்காரரான மாமனாரோடும் புறப்படுகிற பெண்கள்பாடு திண்டாட்டம். ஏனென்றால் விமானம் ஒரு ஏர்போர்ட்டிலிருந்து இன்னொரு ஏர்போர்ட்டுக்குப் போகிறது. நாமோ ஒரு வீட்டு வாசலிலிருந்து இன்னொரு வீட்டு வாசலுக்குப் போகிறோம். இரண்டும் ஒன்றல்லவே!

எங்கள் பண்ணைப்புரத்தை இளையராஜா பிறந்த ஊர் என்றால் உங்களுக்குச் சட்டென்று தெரியும். தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. தோட்டமும் காடும்தான் பிழைப்பு என்று இருந்த ஊரில், இன்று தெருவுக்குத் தெரு யாராவது ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். ஆகவே "எத்தனை மணிக்கு வந்து சேருவான்?" என்ற கேள்வி எங்கள் ஊர் அடுப்படியில் அடிக்கடி எழுகிறது. உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருக்கும். இந்த இதழில் அந்தக் கணக்கை நாமே போடக் கற்றுக்கொள்வோமா, சகோதரிகளே? பயப்படாதீர்கள். பால் கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிய வித்தையில்லை.

நூலைப் பிடித்துத் தூரம் பார்ப்போம்

வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருக்கிறதா? 12 அங்குல உருண்டையாக இருந்தால் ரொம்ப சௌகரியம். அதன் இடுப்பைச் சுற்றித் தையல் டேப்பைப் பிடித்தால் சுமார் 96 செ.மீ. வரும். நிஜமான பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கி.மீ. ஆக, உருண்டையில் ஒரு செ.மீ. என்பது சுமார் 420 கி.மீ.

இப்போது ஒரு நூலை எடுத்து, நுனியை மதுரையில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையைச் சென்னை வரை இழுத்துப் பிடியுங்கள். ஒரு செ.மீ. வருகிறதா? இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய 420 கி.மீ. அதே நூலைக் கொழும்புக்கு இழுங்கள். ஒரு செ.மீ.கூட வராது. சுமார் 355 கி.மீ.தான். மதுரைக்குச் சென்னையைவிடக் கொழும்பு கிட்டே என்றால் நம்ப முடிகிறதா? 2012ல் மதுரையிலிருந்து முதன்முதலாகக் கிளம்பிய வெளிநாட்டு விமானமும் கொழும்புக்குத்தான்.

அடுத்து துபாய். நூல் ஏழு செ.மீ. ஓடும், சுமார் 2,950 கி.மீ. எதிர்த்திசையில் சிங்கப்பூர். அதுவும் ஏழு செ.மீ.தான்; சுமார் 3,000 கி.மீ. மதுரை நடுவில் நிற்க, ஒரு பக்கம் துபாய், மறுபக்கம் சிங்கப்பூர் என்று காவடித் தண்டு மாதிரி இரண்டும் சமமாகத் தொங்குகின்றன. பிள்ளைகளுக்குக் காட்டினால் மறக்கவே மாட்டார்கள்.

சுவரில் மாட்டும் தட்டையான படத்தில் ஸ்கேலை வைத்து அளக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். ஆரஞ்சுத் தோலை உரித்துத் தரையில் அழுத்தித் தட்டையாக்கிப் பாருங்கள், அங்கங்கே கிழிந்து கோணிக்கொள்ளும். உருண்டையான பூமியைத் தட்டையாக்கினாலும் அதே கதைதான். கிட்டத்து ஊருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. தூரத்து ஊருக்குக் கணக்கு உதைக்கும்.

இன்னொரு விஷயம். எங்கள் ஊரிலிருந்து நேர்கோடு போட்டால் மதுரை விமான நிலையம் சுமார் 90 கி.மீ. கொச்சி விமான நிலையமோ சுமார் 100 கி.மீ. அட, இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரந்தானே என்று தோன்றும். காக்காய்க்கு அப்படித்தான். நமக்கு மதுரைக்குச் சின்னமனூர், தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியாக ஏறக்குறைய 120 கி.மீ. ரோடு, காரில் மூன்று மணி நேரம். கொச்சிக்கோ மலையேறி இறங்க வேண்டும். குமுளி வழியானாலும் சரி, போடிமெட்டு, மூணாறு வழியானாலும் சரி, கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஐந்து, ஆறு மணி நேரம் ஆகிவிடும். காக்காய் பறக்கிற தூரத்தை வைத்துக்கொண்டு மனிதர் போகிற நேரத்தைச் சொல்ல முடியாது.

எண்ணூறால் வகுத்து அரை மணி கூட்டுங்கள்

பெரிய ஜெட் விமானம் மேலே போய் நிலையாகப் பறக்கும்போது மணிக்கு 800 கி.மீ.க்குச் சற்று மேலே போகும். அப்படியானால் 420 கி.மீ.க்கு அரை மணி போதுமே, ஏன் டிக்கெட்டில் ஒரு மணி, ஒன்றே கால் மணி என்று போட்டிருக்கிறது? காரணம், டிக்கெட்டில் உள்ள நேரம் விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து, அந்த ஊரில் போய் நிற்பது வரை. தரையில் ஊர்ந்து ஓடுபாதைக்குப் போகணும், மேலே ஏறணும், பிறகு வேகத்தைக் குறைத்து இறங்கணும், மறுபடி ஊர்ந்து வந்து நிற்கணும். ரயில் ஸ்டேஷனை விடும்போதும் சேரும்போதும் மெதுவாகப் போகிறதில்லையா, அந்த மாதிரி.

ஆகவே வீட்டுக் கணக்கு இதுதான்: தூரத்தை 800ஆல் வகுங்கள், வந்த விடையோடு அரை மணி கூட்டுங்கள். சென்னைக்கு அரை மணியும் அரை மணியும் ஒரு மணி. துபாய்க்கு 2,950ஐ 800ஆல் வகுத்தால் ஏறக்குறைய மூன்றே முக்கால். அரை மணி கூட்டினால் நாலே கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. சிங்கப்பூருக்கு நாலே கால். இறக்கையில் விசிறி சுற்றுகிற சின்ன விமானமாக இருந்தால் 800க்குப் பதில் 500ஆல் வகுங்கள். சென்னைக்கு ஒரு மணி இருபது நிமிடம் வரும்.

தூரத்து ஊர்களுக்குக் காற்றும் ஒரு கணக்குப்பிள்ளை. சென்னையிலிருந்து லண்டன் சுமார் 8,200 கி.மீ. போகும்போது ஏறக்குறைய பதினொரு மணி நேரம் ஆகும். வரும்போது பத்து மணி நேரத்திலேயே வந்துவிடலாம். அந்த உயரத்தில், அந்தப் பக்கங்களில், பலத்த காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதைச் சொல்லியா தெரியவேண்டும்? சில சமயம் வழியே மாறிப்போகும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டில்லியிலிருந்து மேற்கே போகும் நம் விமானங்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. நூல் அளவு அதேதான். நேரம் மட்டும் கூடிவிட்டது.

வாசற்படியிலிருந்து எண்ணுங்கள்

சரி, பறக்கிற நேரம் வந்துவிட்டது. இனிமேல்தான் நம்முடைய கணக்கே ஆரம்பம். பண்ணைப்புரத்திலிருந்து சென்னையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம்.

வீட்டிலிருந்து மதுரை விமான நிலையம் மூன்று மணி. டயர் பஞ்சர், திருவிழாக் கூட்டம், குழந்தை வாந்தி இவற்றுக்கெல்லாம் சேர்த்து அரை மணி. உள்நாட்டு விமானமென்றால் இரண்டு மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். பெட்டி போடுகிற கவுண்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். பறக்கிற நேரம் ஒன்றே கால். இறங்கிப் பெட்டி வாங்கி வெளியே வர முக்கால் மணி. அங்கிருந்து மகள் வீடு ஒரு மணி. கூட்டுங்கள்: எட்டரை மணி நேரம்! "ஒரு மணி நேரந்தான்" என்று சொன்ன பயணம் இது.

இப்போது ரயிலைப் பாருங்கள். 2010 கடைசியில் நிறுத்தப்பட்ட மதுரை - போடி மீட்டர் கேஜ் பாதை அகலப்பாதையாகி, 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் ரயில் வந்தது. சென்னை சென்ட்ரல் - போடி எக்ஸ்பிரஸும் அந்த ஜூனில்தான் வாரம் மூன்று நாளாகத் தொடங்கியது. ராத்திரி போடியில் ஏறினால் காலையில் சென்னை. ரயிலில் பதினொன்றரை மணி. வீட்டிலிருந்து போடி போக, சென்ட்ரலிலிருந்து மகள் வீடு போக எல்லாம் சேர்த்துப் பதினாலு மணி வரலாம். ஆனால் அதில் எட்டு மணி நேரம் கால் நீட்டித் தூங்கிவிடுகிறோம்!

அதனால் பிளேன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி அவசரம், பரீட்சை, நேர்முகத் தேர்வு என்றால் ஐந்து மணி நேர லாபமும் லாபந்தான். மகள் வீடு குரோம்பேட்டை, தாம்பரம் பக்கமென்றால் விமான நிலையம் கிட்டே. பெரம்பூரென்றால் சென்ட்ரல் கிட்டே. மாதாந்திர உபாதை, முதுகுவலி, கைக்குழந்தை இவற்றையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். "ஒரு மணி நேரமா, பதினொரு மணி நேரமா?" என்று ஒப்பிடாதீர்கள். "எட்டரையா, பதினாலா?" என்று ஒப்பிடுங்கள். டிக்கெட் பணத்துக்கு அப்போதுதான் நியாயம் தெரியும்.

ஒரு கேத வீட்டில் போட்ட கணக்கு

இந்தக் கணக்கு தெரியாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவள் விடியற்காலையில் தவறிப்போனாள். ஒரே மகன் துபாயில். ஆறு மணிக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "நாலு மணி நேரந்தானப்பா. மத்தியானம் வந்துருவான். சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்துரலாம்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். கொட்டுக்காரர்களுக்கும் சொல்லியனுப்பப் போனார்கள்.

அந்த வீட்டுப் பேத்தி தேனியில் காலேஜ் படிக்கிறவள். அழுத கண்ணோடு உள்ளேயிருந்து வந்து, "தாத்தா, நாலு மணிங்கிறது மாமா வானத்துல இருக்கிற நேரம் மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டு, காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் பென்சிலால் எழுதினாள். கம்பெனியில் சொல்லிப் பாஸ்போர்ட் வாங்கி, டிக்கெட் எடுத்து, அங்கே விமான நிலையம் போய்ச் சேரவே நம் நேரத்துக்குப் பத்து, பதினொரு மணி ஆகும். அன்று மதுரைக்கு நேர் விமானத்தில் இடமில்லை. கொச்சிக்குத்தான் கிடைத்தது, அதுவும் இரண்டு மணிக்கு. கொச்சியில் இறங்க ஆறு மணி. வெளியே வர ஏழு. பிறகு ராத்திரியில் மலைப்பாதை ஆறு மணி நேரம். ஆக, மாமா வீட்டு வாசலில் கால் வைக்க ராத்திரி ஒரு மணி!

திண்ணையில் சத்தமேயில்லை. அந்தப் பெரியவர்தான் முதலில் எழுந்தார். "அப்ப காலையில எட்டு மணிக்கு வச்சுக்குவோம்த்தா. ஐஸ் பெட்டிக்குச் சொல்லுங்க" என்றார். மகன் வந்து சேர்ந்தபோது ஒரு மணி தாண்டிவிட்டது. விடியும்வரை ஆத்தாளின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தான். நாலு மணிக்கு எடுத்திருந்தால், அவன் கடைசி முகத்தைப் பார்த்திருக்க முடியுமா? ஆயுசுக்கும் அந்தக் குறை போகுமா? ஒரு காலண்டர் தாளும் ஒரு பென்சிலும் அன்று அந்தப் பிள்ளைக்குச் செய்த உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆகவே தூரத்திலிருந்து வருகிறவரிடம் "பிளேன் எத்தனை மணி?" என்று கேட்பதோடு நிற்காமல், "எந்த ஊரில் இறங்குகிறாய்? அங்கிருந்து என்ன வண்டி?" என்றும் கேளுங்கள். ராத்திரி மலைப்பாதையில் டிரைவரைப் போனில் கூப்பிட்டு, "எங்கே வருது, எங்கே வருது?" என்று விரட்டாதீர்கள். பனிமூட்டம் இருந்தால் ஒரு மணி நேரம் கூடுதலாகவே வரட்டும். பத்திரமாக வந்தால் போதும்.

கடிகாரம் செய்கிற குறும்பு

டிக்கெட்டில் புறப்படும் நேரம் அந்த ஊர்க் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேருகிற ஊர்க் கடிகாரப்படியும் அச்சாகியிருக்கும். பல வீடுகளில் இது தெரியாததால்தான் குழப்பம்.

துபாய்க் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். மதுரையில் காலை 10க்குப் புறப்பட்டால், நாலு மணி பத்து நிமிடம் பறந்து, அங்கே 12.40க்கு இறங்கும். பார்க்கிறவர்கள் "இரண்டு மணி நாற்பது நிமிடந்தானே" என்பார்கள். திரும்பும்போது அங்கே 10க்குப் புறப்பட்டால் இங்கே மாலை 3.40. "அஞ்சே முக்கால் மணியா!" என்று மலைப்பார்கள். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். போகும்போது ஆறே முக்கால் மணி மாதிரித் தெரியும். வரும்போது ஒன்றே முக்கால் மணி மாதிரித் தெரியும். உண்மையில் இரண்டும் நாலே கால்தான்.

இதற்குச் சுலபமான வழி: மேற்கே போகும்போது நேர வித்தியாசத்தைக் கூட்டுங்கள், கிழக்கே போகும்போது கழியுங்கள். சூரியன் மறைகிற பக்கம் போனால் கூட்டு, உதிக்கிற பக்கம் போனால் கழி. அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு மருமகள், ஏழு மாதக் குழந்தையோடு புருஷனிடம் துபாய்க்குப் புறப்பட்டாள். "ரெண்டே முக்கா மணி நேரத்துக்கு எதுக்குத்தா இம்புட்டு மூட்டை? ரெண்டு வேளைக்கு எடுத்துக்கிட்டாப் போதும்" என்று மாமியார் சொல்ல, மற்றதை இறக்கி வைத்துவிட்டாள். நீங்களே கணக்குப் போடுங்கள். பத்து மணி விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக ஏழு மணிக்கு மதுரையில் இருக்கணும். வீட்டைவிட்டு நாலு மணிக்குக் கிளம்பணும். நம் கடிகாரப்படி 2.10க்கு இறங்கி, வரிசையில் நின்று, பெட்டி வாங்கி, அவர் தங்கியிருக்கும் இடம் போய்ச் சேர நாலு மணி. மொத்தம் பன்னிரண்டு மணி நேரம்! மூன்று மணிக்கு ஒரு தரம் பசிக்கிற குழந்தைக்கு நாலு வேளை, தாமதத்துக்கு ஒன்று, ஆக ஐந்து வேளை. நாப்கின் ஆறு, மாற்றுத் துணி இரண்டு செட். குழந்தை வழியில் அழுத அழுகையை அவள் போனில் சொன்னபோது எங்களுக்கே வயிற்றைக் கலக்கியது.

தாய்ப்பால் கொடுக்கிறவர்களுக்குக் கவலை பாதி குறைவு. தோளில் ஒரு துப்பட்டாவோ துண்டோ இருந்தால் எங்கேயும் கொடுக்கலாம். வெட்கப்பட்டுக் குழந்தையைப் பட்டினி போடாதீர்கள். நீங்களும் தண்ணீர் நிறையக் குடியுங்கள். பவுடர் பால் கொடுக்கிறவர்கள் மொத்தமாகக் கலந்து எடுத்துப் போகவே கூடாது. கலந்த பால் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கெட்டுவிடும். பவுடரை வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்துக்கொண்டு, அவ்வப்போது கலந்துகொள்ளுங்கள். வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் எந்தத் திரவமும் 100 மில்லிக்கு மேல் கூடாது என்று விதி. ஆனால் குழந்தைக்கு வழியில் வேண்டிய பாலுக்கும் உணவுக்கும் விலக்கு உண்டு; செக்யூரிட்டியில் தனியாக எடுத்துக் காட்டுங்கள்.

பெரியவர்களின் மாத்திரைக்கும் இதே கணக்குத்தான். காலை 8, இரவு 8 என்றால் பன்னிரண்டு மணி இடைவெளி என்று அர்த்தம். புதுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தால் இடைவெளி கூடும் அல்லது குறையும். கையில் ஒரு கடிகாரத்தை நம் ஊர் நேரத்திலேயே விட்டுவையுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் கிளம்புமுன் டாக்டரிடம் டிக்கெட்டைக் காட்டி, எப்போது எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினையும் மருந்துச் சீட்டையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும். அடியில் போடும் பெட்டியில் போட்டால் குளிரில் உறைந்து வீணாகலாம். சாப்பாட்டுக்கு முன் போடுகிற ஊசியானால், தட்டு கண்ணெதிரே வந்தபிறகே போடுங்கள். "இதோ கொடுப்பார்கள்" என்று முன்னாலேயே போட்டுவிட்டு, சாப்பாடு தாமதமானால் மயக்கம் வந்துவிடும்.

காதும் காலும்

குமுளிக்கோ போடிமெட்டுக்கோ பஸ்ஸில் ஏறும்போது காது அடைக்கும் அல்லவா? விமானத்திலும் அதேதான், கொஞ்சம் வேகமாக. மேலே பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பது போல இருக்கும். சரியாகச் சொன்னால், கொடைக்கானலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி! இறங்கும்போதுதான் காதுவலி அதிகம். இறங்குவது தரை தொடுவதற்கு 25, 30 நிமிடம் முன்பே தொடங்கிவிடும். சென்னைக்குப் போகிற விமானமென்றால், ஏறின அரை மணியிலேயே இறக்கம் ஆரம்பம்! ஆகவே குழந்தைக்குப் பாதிப் பாலை ஏறும்போதும், பாதியை இறங்க ஆரம்பிக்கும்போதும் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும். பெரிய பிள்ளைகளுக்கு மிட்டாய் சப்பக் கொடுக்கலாம். சளியும் காதுவலியும் இருக்கிற குழந்தையைக் காதைப் பரிசோதிக்காமல் கூட்டிப் போகாதீர்கள்.

அடுத்தது கால். நாலு மணி நேரமும் அதற்கு மேலும் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. ஆபத்து சிறியதுதான், பதற வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கார், பஸ், ரயிலுக்கும் இது பொருந்தும் என்று அதே ஆய்வு சொல்கிறது. விமானத்தில் நாலு மணியென்றால், அதற்கு முன் காரில் உட்கார்ந்த மூன்று மணியையும் சேருங்கள். உசிலம்பட்டியில் வண்டியை நிறுத்தி இறங்கி நடங்கள். விமானத்தில் கணுக்காலைச் சுழற்றுங்கள், ஒரு நடை நடந்து வாருங்கள். பிள்ளைத்தாய்ச்சிகளும், புதிதாகப் பிரசவமானவர்களும், ஆபரேஷன் ஆனவர்களும் கட்டாயம் டாக்டரைக் கேட்டுவிட்டே கிளம்ப வேண்டும்.

கர்ப்பிணிகளிடம் விமான நிறுவனங்கள் பொதுவாக 28 அல்லது 32 வாரத்துக்குமேல் டாக்டர் சான்று கேட்கும். 36 வாரத்துக்குமேல் ஏற்றுவதில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிற பெண்கள், புறப்படுகிற நாளில் மட்டுமல்ல, திரும்புகிற நாளில் எத்தனை வாரம், குழந்தைக்கு எத்தனை மாதம் என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். இங்கேயும் மலைப்பாதைக் குலுக்கலைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

கத்தரித்து வைத்துக்கொள்ள

கீழே உள்ளதைக் கத்தரித்து பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்துவிடுங்கள். பயணம் வரும்போது பென்சிலோடு அங்கே நின்றால் போதும்.

1. வீட்டு வாசலிலிருந்து விமான நிலையம் எத்தனை மணி? அதோடு அரை மணி கூட்டவும்.

2. முன்னதாக இருக்க வேண்டியது: உள்நாடு இரண்டு மணி, வெளிநாடு மூன்று மணி.

3. பறக்கும் நேரம்: தூரத்தை 800ஆல் வகுத்து அரை மணி கூட்டவும். டிக்கெட் நேரத்தோடு ஒத்துப்பார்க்கவும். மேற்கே கூட்டவும், கிழக்கே கழிக்கவும். விமானம் மாறிப் போவதானால் நடுவில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்க்கவும்.

4. இறங்கி வெளியே வர: உள்நாடு முக்கால் மணி, வெளிநாடு ஒரு மணி அல்லது ஒன்றரை.

5. அங்கிருந்து போகிற வீட்டு வாசல் எத்தனை மணி?

6. எல்லாவற்றையும் கூட்டி வந்ததே நம் பயண நேரம். அதை மூன்றால் வகுத்து ஒன்று கூட்டினால் குழந்தையின் பால் வேளை. மாத்திரையும் சாப்பாடும் அந்த மொத்த நேரத்துக்கு.

7. மதுரை, திருச்சி, கொச்சி எதிலிருந்து நேர் விமானம், எந்தெந்த நாள் என்பது அடிக்கடி மாறும். டிக்கெட் எடுக்கிற அன்று புதிதாக விசாரிக்கவும்.

இன்னும் ஒன்று. இந்தத் தாளை எடுத்து எண்ணி முடித்தபின், வரப்போகிறவருக்குச் சோறு எத்தனை மணிக்கு வடிக்கலாம் என்பதையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். நாலு மணி நேரம் வானத்தில் இருந்துவிட்டுப் பதினைந்து மணி நேரக் களைப்போடு வருகிற பிள்ளைக்கு, சூடாக ரசஞ்சோறு தயாராக இருப்பதைவிட வேறென்ன வேண்டும்?